வெள்ளையணுவில் கோளாறா, ஸ்லைடில் கோளாறா?

மார்த்தாண்டத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில், மலையோரக் கிளையிலிருந்து பஸ்ஸில் வந்த ரத்தம் ஒன்றைப் பார்த்தேன். நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் எல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தன. கடுமையான தொற்று என்று எழுதக் கை நீண்டது. மூத்த அக்கா குழாயைத் திருப்பி லேபிளைக் காட்டினார்: எடுத்த நேரம் காலை 7 மணி. அப்போது மாலை 4. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குழாயில் அவ்வளவு நேரம் கிடந்தால் நல்ல செல்லிலும் ஓட்டை விழும்.

ஆகவே முதல் வேலை லேபிளைப் படிப்பது. எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லிய ரத்தப் படலம், போட்டுவிடுங்கள்.

சிறு துளி போதும். இழுக்கும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, தயங்காமல் ஒரே இழுப்பு. உடனே மின்விசிறியில் காய வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் இதுதான் பெரும்பாடு. செல்களை ஸ்லைடில் நிலைநிறுத்தும் மெத்தனாலும் மூடாமல் வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று குமிழி தெரிந்தால் அந்த ஸ்லைடை நம்பி வெள்ளையணுவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், புதிதாகப் போடுங்கள்.

அடுத்து, செல்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம் 2 நிமிடம். பிறகு பிஎச் 6.8 உள்ள பஃபர் நீர் இரு மடங்கு ஊற்றிக் கலந்து, 8 முதல் 10 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். சாயம் ஏறிப்போனால் எல்லா நியூட்ரோஃபிலிலும் துகள்கள் ஒரே மாதிரி கறுத்திருக்கும். கடுமையான தொற்றில் வரும் உண்மையான நச்சுத் துகள்கள் பெரும்பாலும் சில செல்களில் அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கும்.

இனி மைக்ராஸ்கோப். 10 மடங்கு லென்ஸில் முதலில் இழுப்பு முடியும் வால் ஓரத்தைப் பாருங்கள். பெரிய செல்கள் அங்கேதான் ஒதுங்கும். பிறகு சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ். டெங்கு காலத்தில் லிம்ஃபோசைட் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் பருத்துக் கண்ணில் படும். முட்டம் பாறைகளைச் சுற்றி வளையும் அலைபோல, அவற்றின் நீல விளிம்பு பக்கத்துச் சிவப்பணுவை ஒட்டி வளைந்து, தொடும் இடத்தில் அடர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம், வைரஸ் காய்ச்சலில் இது வழக்கம்.

பயப்பட வேண்டியது பிளாஸ்ட், அதாவது முதிராத ரத்த அணு. உட்கரு செல்லையே அடைத்துக்கொண்டிருக்கும். உட்கருவின் நிறப்பொருள் (குரோமாட்டின்) மென்மையாக இருக்கும். உள்ளே நியூக்ளியோலஸ் என்னும் வெளிறிய சிறு உருண்டை தெரியும். சைட்டோபிளாசத்தில் சிவந்த ஊசி போன்ற ஆவர் தண்டு கிடந்தால் மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் என்ற சந்தேகம் வலுக்கும். நோயாளியிடம் வாயைத் திறக்காமல், அன்றே நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடைக் கொடுங்கள். அந்தச் செல் இருக்கும் இடத்தைக் காட்டும் மைக்ராஸ்கோப் மேடையின் அளவுகோல் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் எழுந்துபோய், மருத்துவரை அருகில் நிற்க வைத்துக்கொண்டு அதே செல்லை அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.