சிறு வியாபாரத்துக்கு எந்தச் சமூக ஊடகம்? தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

இட்லிப் பொடி அரைத்து விற்பவரும் சரி, வீட்டிலேயே புடவை விற்பவரும் சரி, தொழில் தொடங்கிய வாரமே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் (பழைய ட்விட்டர்), டெலிகிராம் என்று ஐந்து இடத்தில் கணக்குத் திறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நாலில் கடைசிப் பதிவு பொங்கல் வாழ்த்தாக இருக்கும். அதைப் பார்க்கும் புது வாடிக்கையாளர் கடையை மூடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். கணக்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம்கூட வந்திருக்காது.

வியாபாரத்துக்கு வேண்டியது இரண்டு இடம்: புதியவர் கண்ணில் படுவதற்கு ஒன்று, விலை பேசி ஆர்டர் முடிப்பதற்கு ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டஸ் போட்டால் யாருக்குத் தெரியும்? உங்கள் எண்ணை அவரும், அவர் எண்ணை நீங்களும் சேமித்திருந்தால்தான் தெரியும். ஆகவே தினமும் பத்து ஸ்டேட்டஸ் போட்டாலும் புதிதாக ஒருவர்கூட வரமாட்டார். பழைய ஆட்கள்தான் பார்ப்பார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் அப்படியே. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்குச் செய்தி போய்ச் சேராது. ‘256 பேருக்கு அனுப்பினேன், பத்துப் பேர்கூடக் கேட்கவில்லை’ என்பதற்கு விலை மட்டுமே காரணமாக இருக்காது. முதல் ஆர்டரின்போதே ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று பில்லிலும் பார்சலிலும் எழுதி அனுப்புங்கள்.

வாடிக்கையாளர்களைக் கேட்காமல் ஒரே குரூப்பில் சேர்ப்பது இன்னொரு தவறு. ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் அதிகம் வாங்கும் கடையென்றால் இதனாலேயே பலர் விலகிப்போவார்கள். வாட்ஸ்அப் சேனலில் இந்தத் தொல்லை கிடையாது, பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் சேனல் ஒருவழிப் பாதை, அங்கே ஆர்டர் எடுக்க முடியாது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் உங்கள் சாட் திறக்கும் இணைப்பைக் கொடுத்தாக வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வீட்டு எண்ணில் போடாமல் தனி சிம்மில் போடுங்கள். அதில் 500 பொருள் வரை கேட்டலாக் (பொருள் பட்டியல்) வைக்கலாம், காசு கிடையாது. மொத்தமாகச் செய்தி அனுப்ப யாரோ தரும் ‘மாற்று’ வாட்ஸ்அப் செயலிகளைத் தொடவே வேண்டாம். எண் முடக்கப்பட்டால் ஆர்டர்களும் சேர்ந்தே போகும்.

இன்ஸ்டாகிராம் கண்ணால் பார்த்து ஆசைப்படும் பொருளுக்கான இடம்: புடவை, கேக், மெஹந்தி, கவரிங் நகை. மதுரையில் மோட்டார் காயில் கட்டுபவரின் ரீலைக் கோலாலம்பூரில் பத்தாயிரம் பேர் பார்த்து என்ன பயன்? மோட்டார் ஓடாதவர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கூகுள் மேப்பில் ‘அருகில்’ என்று தேடுவார். பழுது பார்ப்பவர், மாவுக்கடை, டியூஷன் சென்டர், பல் மருத்துவர் ஆகியோருக்கு முதல் வேலை கூகுளில் வணிகப் பக்கத்தைப் பதிவுசெய்து, கடை நேரம், தொலைபேசி எண், உண்மையான படங்கள் ஏற்றுவது. இதுவும் இலவசம்தான், ஆனாலும் பலர் கடைசியில்தான் செய்கிறார்கள்.

இன்ஸ்டாவில் கடை நடத்துபவர் கணக்கைப் பிரைவேட்டாக வைத்திருப்பதும் உண்டு. யாரும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாத கடை அது. பிசினஸ் கணக்காக மாற்றினால் பிரைவேட்டாக வைக்க முடியாது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் தெரியும். ஆனால் ரீலுக்கு இன்ஸ்டா தரும் பாட்டுப் பட்டியலில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. அந்தப் பாட்டுக்கான உரிமம் வியாபாரத்துக்குத் தரப்படுவதில்லை. பாட்டுக்காகவே பர்சனல் கணக்குக்குத் திரும்பினால் அந்தப் புள்ளிவிவரம் போய்விடும், ரீலின் ஒலியும் முடக்கப்படலாம். பொருளைக் காட்டி உங்கள் குரலிலேயே பேசுவது மேல். இன்னொன்று: கேப்ஷனில் போடும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. பயோவில் (கணக்கின் மேலே உள்ள அறிமுகப் பகுதி) 5 இணைப்பு வரை வைக்கலாம்; வாட்ஸ்அப் சாட் இணைப்பை அங்கே வையுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்று எழுதுவது மட்டும் வேண்டாமே. பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஃபேஸ்புக்கில் சொந்த புரொஃபைலிலேயே கடை நடத்தினால் 5,000 நண்பர்களோடு கதவு மூடிக்கொள்ளும், விதிமீறல் என்று கணக்கு போகவும் வாய்ப்புண்டு. பேஜ் திறங்கள். ஆனால் பேஜில் போடுவது விளம்பரச் செலவில்லாமல் அதிகம் பேரைச் சேராது. உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் குரூப்களே அதைவிட வேலை செய்யும். எக்ஸ் தளம் உள்ளூர்க் கடைக்குத் தேவையில்லை.

யூடியூபை வருமானத்துக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்களுக்கு 1 கோடி பார்வை. ஷார்ட்ஸை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் பகுதியில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. ஷார்ட்ஸ் விவரக்குறிப்பில் போட்ட இணைப்பும் திறக்காது. யூடியூபின் பலம் தேடலில்தான் இருக்கிறது. ‘பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை எடுப்பது எப்படி’ என்ற ஒரு நல்ல வீடியோ இரண்டு வருடம் கழித்தும் ஆளைக் கொண்டுவரும். ரீலின் ஆயுள் பெரும்பாலும் சில நாள்.

கம்பெனிகளுக்குச் சீருடை தைப்பவர், கேன்டீனுக்குப் பொருள் கொடுப்பவர், வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் பக்கம் போகலாம்.  

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஃபாலோயர் எண்ணிக்கையைச் சொத்தாகக் கருதாதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை இந்திய அரசு தடைசெய்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்கள். 2024 ஜூலையில் ‘கூ’ என்ற இந்தியச் சமூக ஊடகம் தானாகவே மூடிக்கொண்டது. வாங்கியவரின் பெயர், எண், வாங்கிய பொருள் மூன்றையும் அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டிலோ எக்செலிலோ எழுதிவையுங்கள்.

கணக்கை அக்கா பையன் தன் மின்னஞ்சலில் திறந்து கொடுத்திருந்தால் இன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பேஜுக்கு முழு அதிகாரமுள்ள இரண்டு அட்மின் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கான 6 இலக்க ரகசிய எண் (PIN) போடுங்கள். தனி சிம்மை ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போகலாம்.

தேர்ந்தெடுத்த இரண்டை மூன்று மாதம் விடாமல் நடத்துங்கள். ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் ‘எங்கே பார்த்தீங்க?’ என்று கேட்டு, நோட்டில் ஒரு கோடு போடுங்கள். கோடு விழாத கணக்கை உடனே அழிக்க வேண்டாம், கடைப் பெயரை வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். ‘ஆர்டருக்கு இந்த எண்ணில் வாட்ஸ்அப் செய்யவும்’ என்ற ஒரே பதிவை எப்போதும் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து, கமென்ட்டை மூடி, அப்படியே விட்டுவிடுங்கள்.