வெளிநாட்டில் நம்ம ஊர் கார்டு: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முதல் வேலையாக வங்கி ஆப்பைத் திறந்து கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புது கார்டு இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படிதான் கைக்கு வரும், மற்றதை நாம்தான் திறந்துவிட வேண்டும். செலவு வரம்பையும் அங்கேயே குறைத்து வையுங்கள்.

அப்புறம், முக்கியமானது இது. பாங்காக்கில் ஒரு கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் தாய்லாந்துப் பணமான ‘பாட்’டில் எடுக்கவா, நம் ரூபாயில் எடுக்கவா என்று கேட்கலாம். தெரிந்த கணக்கு என்பதால் கை ரூபாய்க்குத்தான் போகும், ஆனால் அந்த மாற்று விகிதத்தில் மெஷின்காரர்களின் லாபமும் சேர்ந்திருக்கும். எப்போதும் பாட்தான். கடைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம்.

நம் வங்கியும் மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம், எடுக்கும்: 3.5 சதவீதம் உள்ள கார்டில் 10,000 ரூபாய்க்கு வாங்கினால் 350 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 63.

ரொக்கத்துக்கு டெபிட் கார்டு போதும், கிரெடிட் கார்டில் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். தாய்லாந்து ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கின்றன, அதனால் தேவையானதை மொத்தமாக எடுங்கள். இன்னொரு கார்டு வேறு பையில் இருக்கட்டும்.