சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் இரண்டடித் தொட்டி வைக்கிறவர்களே, நிறத்தை மட்டும் பார்த்து மீன் வாங்காதீர்கள். கப்பி மீனோடு டைகர் பார்ப் மீனை விட்டால் அது கப்பியின் வாலைக் கடித்துக் கடித்தே கிழிந்த துணி மாதிரி ஆக்கிவிடும். நான் அப்படி ஒரு சோடிக் கப்பியை இழந்திருக்கிறேன். ஏஞ்சல் மீன் வளர்ந்தால் சின்ன நியான் டெட்ரா மீனை விழுங்கும். தங்கமீன் பெரிதாக வளரும், அழுக்கும் அதிகம். வேண்டாம்.

என் தெரிவு செர்ரி பார்ப். நம் இலங்கை ஓடைகளுக்கே உரிய மீன். 5 சென்ரிமீற்றர்தான் வளரும், யாரையும் சீண்டாது. ஆறேழாக வாங்குங்கள், ஆண்களைவிடப் பெண்கள் கூட இருக்கட்டும். தனியாக விட்டால் பயந்து செடிக்குள்ளேயே ஒளிந்து கிடக்கும், பாவம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து விட்டபிறகே மீனை விடுங்கள்.