கைப்பேசியில் மெய்நிகர் கணினியை இயக்குவது எப்படி?

மெய்நிகர் கணினி என்பது ஒரு கருவிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி. அதை இயக்க மேசைக்கணினியில் நாம் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்ற மென்பொருள்களை ஆண்ட்ராய்டு கைப்பேசியிலோ ஐபேடிலோ நிறுவ முடியாது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் தங்களுக்கென டிரைவர்களை நிறுவிக்கொள்ளும் அனுமதியும், பிராசஸரின் மெய்நிகராக்க வசதியும் அவற்றுக்குத் தேவை. கைப்பேசி இயங்குதளங்கள் சாதாரணச் செயலிகளுக்கு இவற்றைத் தருவதில்லை. இந்த இடத்தில் கைகொடுப்பது, 2003-இல் ஃபப்ரிஸ் பெல்லார் வெளியிட்ட கியூஎமு என்னும் திறந்தமூல மென்பொருள். ஒரு வகைப் பிராசஸருக்காக எழுதப்பட்ட கட்டளைகளை வேறொரு வகைப் பிராசஸர் புரிந்துகொள்ளும்படி, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றித் தருவது அதன் வேலை. ஆண்ட்ராய்டுக்கான லிம்போவும் ஐஓஎஸ்ஸுக்கான யூடிஎம்மும் இதே கியூஎமுவைத் தொடுதிரைக்கு ஏற்ற முகப்புடன் வழங்குகின்றன.

செயலியைத் தேடுவதற்கு முன், உள்ளே எந்த இயங்குதளத்தை ஓட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கைப்பேசிகளில் இருப்பது ஆர்ம் பிராசஸர். வழக்கமான மேசைக்கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைப் பிராசஸருக்கான விண்டோஸையோ லினக்ஸையோ அதில் ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் மாற்றப்பட்ட பிறகே செயல்படும் என்பதால், வேகம் பெருமளவு குறையும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றை ஓட்டிக் காட்டும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. அவை வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமே உதவும். விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி, டாஸ், வரைகலை முகப்பு இல்லாத, மிகச் சிறிய லினக்ஸ் வகையான ஆல்பைன் போன்றவையே நடைமுறையில் பயன்படும்.

ஆல்பைனையே எடுத்துக்கொள்வோம். அதன் தளத்தில் மெய்நிகர் கணினிகளுக்கென்றே தனியாக வெளியிடப்படும் சிறிய ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) பதிவிறக்கவும். மென்பொருள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடைக்கும் லிம்போவில், எக்ஸ்86 கணினிக்கான பதிப்பைத் தேர்ந்து நிறுவி, புதிய கணினி ஒன்றை உருவாக்கிப் பெயரிடவும். ரேம் 512 எம்பி போதும். கைப்பேசியில் 8 ஜிபி இருக்கிறதே என்று பாதியை எடுத்துக் கொடுத்தால், நினைவகம் போதாத நேரத்தில் ஆண்ட்ராய்டு லிம்போவையே மூடிவிடும். பிராசஸர் கோர் எண்ணிக்கையை ஒன்றாகவே வைக்கவும். பல திரிகளில் (த்ரெட்) ஓட்டும் தேர்வை இயக்காதவரை, நான்கு கோர் கொடுத்தாலும் அவை ஒரே திரியில் மாறி மாறித்தான் ஓடும். கூடுதல் வேகம் கிடைக்காது.

அடுத்து, ஹார்ட் டிஸ்க் பகுதியில் புதிய வட்டுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, சிடிராம் பகுதியில் ஐஎஸ்ஓவைக் காட்டி, சிடிராமிலிருந்து தொடங்குமாறு அமைக்கவும். வட்டுக் கோப்பு தரவு சேரச் சேர வளரும் என்பதால், அதை எஸ்டி அட்டையில் வைப்பவர்கள் அட்டை ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தால் 4 ஜிபியைத் தொட்டதும் எழுதுவது நின்றுவிடும். கணினி தொடங்கியதும் ரூட் (root) என்ற பெயரில் கடவுச்சொல் இல்லாமலே உள்நுழைந்து, ஆல்பைனின் நிறுவல் கட்டளையான setup-alpine-ஐ இயக்கவும். வட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று அது கேட்கும்போது சிஸ் (sys) என்ற தேர்வைக் கொடுக்க வேண்டும். இல்லையெனில் எல்லாம் ரேமிலேயே இருந்து, அணைத்தவுடன் மறைந்துவிடும். நிறுவி முடிந்ததும் சிடிராமை நீக்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தொடங்கச் செய்யவும். விண்டோஸ் எக்ஸ்பி நிறுவுவோர் சுட்டிக்கு யூஎஸ்பி டேப்லெட் என்ற வகையைத் தேர்ந்தால், விரல் படும் இடமும் சுட்டி நிற்கும் இடமும் ஒன்றாகும். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டதால், அதை இணையத்தில் இணைக்காமல் இருப்பது நல்லது.

இணையத்தைப் பொறுத்தவரை, நெட்வொர்க் பகுதியில் யூசர் என்ற தேர்வு போதுமானது. உள்ளே இருக்கும் கணினிக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும்; 10.0.2.2 என்பது கைப்பேசியைக் குறிக்கும். இந்த முறையில், இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை பெரும்பாலும் பதில் தராது. அதை வைத்து இணைப்பே இல்லை என்று முடிவு கட்டிப் பலர் அமைப்புகளைக் குலைத்துக்கொள்கிறார்கள். மென்பொருள் தொகுப்பு ஒன்றைப் பதிவிறக்கிப் பார்ப்பதே சரியான சோதனை.

ஐபோன், ஐபேட் வைத்திருப்போருக்கு வழி எளிது, வேகம்தான் குறைவு. 2024 ஜூலையில் ஆப் ஸ்டோருக்கு வந்த யூடிஎம் எஸ்இ என்ற பதிப்பை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். கட்டளைகளை ஓடும்போதே மொத்தமாக மாற்றிக்கொள்ளும் வசதியைப் பிற செயலிகளுக்கு ஆப்பிள் அனுமதிப்பதில்லை என்பதால், இந்தப் பதிப்பு ஒவ்வொன்றாகப் படித்துப் படித்தே இயக்குகிறது. எழுத்துத் திரை மட்டும் உள்ள லினக்ஸுக்கு இது போதும்.

கூகுளின் பிக்சல் கைப்பேசி உள்ளவர்கள், லினக்ஸ்தான் தேவை என்றால், இவை எதையும் நாட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 15-க்கு 2025 மார்ச்சில் வந்த புதுப்பிப்பு முதல், பிக்சல் 6-உம் அதற்குப் பிந்தைய மாடல்களும் டெபியன் லினக்ஸை மெய்நிகர் கணினியாகவே இயக்குகின்றன. அமைப்புகளில் டெவலப்பர் விருப்பங்களைத் திறந்து லினக்ஸ் மேம்பாட்டுச் சூழலை இயக்கினால், டெர்மினல் செயலி தோன்றும். உள்ளே ஓடுவதும் ஆர்ம் லினக்ஸ் என்பதால் கட்டளை மாற்றம் தேவைப்படாது. லிம்போவுடன் ஒப்பிடவே முடியாத வேகம் கிடைக்கும்.

மேசைக்கணினியில் ஏற்கெனவே வைத்திருக்கும் மெய்நிகர் கணினியைக் கைப்பேசிக்குக் கொண்டுவர விரும்பினால், அதன் வட்டுக் கோப்பைக் கியூஎமுவுடன் வரும் மாற்றுக் கருவியால் கியூகவ்2 என்னும் கியூஎமுவின் வட்டு வடிவத்துக்கு மேசைக்கணினியிலேயே மாற்றிய பிறகு நகலெடுக்கவும். எந்த வழியில் அமைத்தாலும், கைப்பேசியின் பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு அளித்துவிட வேண்டும். வேறு செயலிக்கு மாறும்போது இயங்குதளம் அதை மூடினால், ஓடும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கியதற்குச் சமம். வட்டுக் கோப்பு பழுதாகலாம். ஆகவே எப்போதும் உள்ளிருக்கும் இயங்குதளத்தை முறையாக அணைத்த பின்னரே செயலியை மூடவும். வட்டுக் கோப்பை நகலெடுத்து வைப்பதும் அணைந்திருக்கும்போதுதான்.