பதின்வயதுக் கர்ப்பம் பற்றிய குறும்படம்: சிரிப்பும் கலக்கமும் சறுக்கும் இடங்கள்

முதல் தவறு அளவில்தான் நடக்கிறது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் 12 நிமிடப் படத்துக்கு 12 பக்கத் திரைக்கதைதான் தாங்கும். அதற்குள் காதல், கர்ப்பம், வீட்டில் தெரிவது, பிரசவம் என்று ஒன்பது மாதத்தையும் திணித்தால் சிரிக்கவும் நேரமிருக்காது, கலங்கவும் நேரமிருக்காது. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கருவியில் கோடு விழுவதில் தொடங்கி அம்மாவிடம் வாய் திறப்பதில் முடியட்டும்.

படத்தையே கெடுத்துவிடும் தவறு, அந்தப் பெண்ணின் உடம்பைக் கேலிப்பொருளாக்குவது. 16 வயதுப் பெண் பயந்து நிற்கும்போது அவள் வயிற்றையும் வாந்தியையும் பார்த்து அரங்கம் சிரித்துவிட்டால், அடுத்த காட்சியில் அவள் அழும்போது அவளோடு சேர்ந்து அழ ஆளிருக்காது. சிரிப்பு சுற்றியிருப்பவர்களின் பதற்றத்திலிருந்து வரட்டும். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்கிறாள். "பெயிலாயிட்டியா?" என்கிறாள் அம்மா. ஆமாம் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் அவள் முகத்தில் ஓடுகிறதே, அங்கே சிரிப்பும் வலியும் ஒரே ஷாட்டில் கிடைக்கும்.

பையன் இரண்டாவது காட்சியோடு காணாமல் போவதும் வழக்கமான குறை. அவனுக்கும் பயம் உண்டு, அதை எழுதுங்கள். அவனும் அவள் வயதுக்காரனாகவே இருக்கட்டும். வளர்ந்த ஆண் என்றால் அது சுரண்டல். நகைச்சுவைக்கு அங்கே இடமே இல்லை. படுக்கையறைக் காட்சி இந்தக் கதைக்குத் தேவையில்லை. கதாநாயகி வேடத்துக்கு 18 வயது நிறைந்த நடிகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சோதனைக் காட்சியில் கருவியை நனைத்த நொடியே முடிவு வந்துவிடுவதாகக் காட்டுகிறார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 3 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை வெட்டுகிறவர் படத்தின் சிறந்த காட்சியை வெட்டுகிறார். தோழி கைப்பேசியில் விநாடி எண்ணுகிறாள், தம்பி குளியலறைக் கதவைத் தட்டுகிறான், கருவியோடு வந்த குறிப்புத்தாள் நனைந்து எழுத்து அழிந்திருக்கிறது. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும், சொன்ன நேரத்துக்குள் தெரிந்தால் அநேகமாகக் கர்ப்பம்தான். மணிக்கணக்கில் விட்டுவிட்டுப் பார்த்தால் ஈரம் காய்ந்து பொய்க்கோடு தெரியலாம். அப்போது எடுத்துப் பார்த்து அலறுவதாக எழுதாதீர்கள்.

படமாக்கும்போது, கோடு தெரியும் சன்னல் மிகச் சிறியது என்பதை மறக்க வேண்டாம். சிறு பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸில் தனி ஷாட் எடுங்கள். நேர் மேலிருந்து விளக்கு அடித்தால் பிளாஸ்டிக் பளபளத்துக் கோடு மறைந்துவிடும். மெல்லிய வெள்ளைத் துணி வழியாகப் பக்கவாட்டு ஒளி கொடுங்கள். ஷாட் குறைந்தது 3 விநாடி நிற்கட்டும்.

நாள் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கரு உண்டாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தாலும் மருத்துவர் நான்கு வாரம் என்பார். இது தெரியாமல் எழுதினால் வசனமும் கதைத் தேதியும் இடிக்கும். குமட்டல் பெரும்பாலும் 6-வது வாரத்தை ஒட்டித் தொடங்கும், காலையில்தான் வரும் என்றில்லை. முதல் கர்ப்பத்தில் 12 வாரத்துக்கு முன் வயிறு வெளியே தெரிவது அரிது. 20-வது வாரத்தில்தான் கருப்பை தொப்புள் உயரத்தை எட்டும். குழந்தை அசைவதை முதல்முறைத் தாய் உணர்வதும் ஏறக்குறைய அப்போதுதான். சோதனை செய்த மறுநாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நடிப்பு எடுபடாது.

கதை பிந்தைய மாதங்களுக்குப் போனால், பஞ்சுத் தலையணை மட்டும் போதாது. உட்கார்ந்தால் மடங்கும், எழுந்தால் விலகும். இடுப்புப்பட்டையோடு தைத்த உறையில் 2 கிலோ தானியம் நிரப்பினால் முதுகு தானாகப் பின்சாயும், நடை மாறும்.

கதையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் திணறும் கதாசிரியர் வசதியாக ஒரு கருச்சிதைவை வைத்து விடுகிறார். அவள் எந்த முடிவை எடுத்தாலும் அது அவள் வாயால் வரட்டும்.

எடிட்டிங்கில், வேடிக்கையான இசையைக் கலக்கமான காட்சிக்குள் வழிய விடாதீர்கள். காட்சி மாறும் இடத்தில் இசையை நிறுத்தி, 2 விநாடி அறையின் சத்தம் மட்டும் கேட்கட்டும். முதல் வடிவத்தைக் கதை தெரியாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிக்கும் விநாடிகளைக் குறித்து வையுங்கள். அவள் அம்மா முன்னால் வாய் திறக்க முடியாமல் நிற்கும் ஷாட்டில் சிரிப்பு வந்தால், ஷாட்டைத் தொடாதீர்கள். அதற்கு முந்தைய வசனத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.