சொல் கேளாத பம்பையும் தாங்கும் நீர்த்தொட்டி: தொடக்கநிலைச் செய்முறை

பம்பு, வால்வு போலக் கட்டளைப்படி வேலை செய்யும் இயக்கி ஒன்று நின்றுபோவது ஒரு வகைப் பழுது; கட்டளையை ஏற்காமல் தன்போக்கில் ஓடிக்கொண்டே இருப்பது அதைவிடக் கடினமான பழுது. 2021 ஜூலை 29 அன்று அனைத்துலக விண்வெளி நிலையத்துடன் இணைந்த ரஷ்யாவின் நௌக்கா கூறு, எவரும் கட்டளையிடாத நிலையில் தன் உந்திகளை இயக்கியதால் நிலையம் ஏறத்தாழ 540 பாகை சுழன்றது. பிற உந்திகளை எதிராக இயக்கித்தான் அதைச் சமாளித்தார்கள். மலேசியாவில் நம் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றங்காலின் தொட்டிக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் ஒவ்வோர் இயக்கியின் எல்லையையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, பெரிய பம்பு நொடிக்கு 0 முதல் 8 லிட்டரும், சிறிய பம்பு 0 முதல் 4 லிட்டரும் தொட்டிக்குள் தரட்டும். வடிகால் வால்வு 0 முதல் 5 லிட்டர் வெளியேற்றட்டும். நாற்றுகளுக்கு 4 லிட்டர் போகட்டும்.

அடுத்து, ஒவ்வொன்றும் கைவிட்டுப் போனதாக வைத்து, அது செய்யக்கூடிய மிக மோசமான செயலுக்கு எதிராக மற்றவற்றால் நீர்மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். சிறிய பம்பும் வால்வும் தேறிவிடும். பெரிய பம்பு 0-வில் நின்றால், சிறியது தரும் 4 லிட்டரும் நாற்றுகளுக்கே சரியாகிவிடுவதால் மட்டம் ஏறாது. பெரிய பம்பையே 10 லிட்டராக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் அது முழு வேகத்தில் ஓடத் தொடங்கினால் வெளியே போவது 9 லிட்டர்தான், தொட்டி வழியும். வலுவான இயக்கியை மேலும் வலுவாக்குவது ஆபத்தையே வளர்க்கும் என்பதைத் தொடக்கநிலையிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிறிய பம்பை 6 லிட்டராக்குவதே சரி.

மழை நாளையும் மறவாதீர்கள். நாற்றுகளுக்கு நீர் போகாதபோது, 8 லிட்டரை எதிர்க்க 5 லிட்டர் வால்வு போதாது. 9 லிட்டர் வால்வு வேண்டும். அதை மாற்றியதும் கணக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து போடுங்கள்: நாற்றுகளுக்கு நீர் போகும் நாளில் அந்த வால்வே முழுதாகத் திறந்து மாட்டிக்கொண்டால், உள்ளே வருவது 14, போவது 13, நொடிக்கு 1 லிட்டர் மிஞ்சுகிறது.

இவை அனைத்தும், பழுதான இயக்கி என்ன செய்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி அறிந்திருந்தால்தான் பலிக்கும். ஆகவே ஒவ்வொரு குழாயிலும் நீரோட்ட மீட்டர் பொருத்துங்கள். பழுதை உணர்ந்து பிறவற்றை மாற்ற 60 நொடி ஆகுமென்றால், அதற்குள் இரு பம்புகளும் 840 லிட்டர் வரை நிரப்பிவிடக்கூடும் என்பதால், வழக்கமான மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடத்தையாவது காலியாக விடுங்கள். பிறகு, நாற்றுகளுக்கான குழாயை அடைத்துவிட்டு, பெரிய பம்பைக் கருவியிலிருந்து துண்டித்து முழு வேகத்தில் ஓடவிட்டு, மட்டம் உண்மையிலேயே இறங்குகிறதா என்று சோதியுங்கள்.