ரொறன்ரோவில் தண்ணீரும் குப்பையும்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கியதும் பலரும் முதலில் செய்வது, கடையிலிருந்து பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீரைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி வருவது. தேவையில்லை. ரொறன்ரோவின் பைப் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். எல்லாம் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர்தான். ஏரிக்கரையோரம் இருக்கும் நான்கு நிலையங்களில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அவற்றில் ஒன்று, 1941 இல் திறந்த ஆர்.சி. ஹரிஸ் நிலையம், குவீன் வீதியின் கிழக்குக் கோடியில் அரண்மனை மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒருதரம் பாருங்கள்.

குளோரின் வாசம் பிடிக்கவில்லையென்றால் ஒரு குடத்தில் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், குறைந்துவிடும். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வந்து, கிளாசில் அடியிலிருந்து தெளிந்தால் அது காற்றுக்குமிழ், பயமில்லை. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீட்டில் ஈயக் குழாய் இருக்கக்கூடும். அங்கே காலையில் சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழந்தைகள் உள்ள வீடென்றால் நகராட்சியின் இலவச ஈயப் பரிசோதனையைக் கேட்டுச் செய்விப்பது நல்லது.

இன்னொன்று. யாராவது கதவைத் தட்டி, கழுத்தில் அட்டை தொங்க, “உங்கள் தண்ணீரைச் சோதிக்க வந்தோம், பில்லைக் காட்டுங்கள்” என்றால் உள்ளே விடாதீர்கள். வடிகட்டி, சுடுதண்ணீர் ராங்கி போன்றவற்றை நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து விற்பது 2018 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில் சட்டவிரோதம். தமிழிலேயே இனிக்கப் பேசினாலும் கையெழுத்து வைக்காதீர்கள். அந்தத் தாளில் கருவிக்கான வாடகை ஒப்பந்தம் ஒளிந்திருந்தால், அதைக் கழற்றி எறிவதற்குள் சீவன் போய்விடும்.

தண்ணீர், கழிவுநீர், குப்பை மூன்றுக்கும் ஒரே பில், வீட்டுக்காரருக்கு வரும். குப்பைக்கான கட்டணம் பெட்டியின் அளவைப் பொறுத்தது: பெட்டி பெரிதென்றால் காசும் கூட. பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்கள் வீடு பார்க்கும்போதே கேட்கவேண்டியது: இந்தப் பில் வாடகைக்குள் அடங்குமா, இல்லையென்றால் எத்தனை வீதம், எந்தப் பெட்டியில் நாங்கள் போடலாம். இதை எழுத்தில் வாங்குங்கள். மேலே ஆறு பேரும் கீழே இரண்டு பேரும் இருக்கும் வீட்டில் பில்லைப் பாதிபாதி பிரிப்பது நியாயமில்லை, வாய் திறந்து சொல்லலாம்.

இப்போது குப்பை. உணவுக் கழிவு போடும் பச்சைப் பெட்டி வாரம் ஒருதடவை எடுபடும். மற்றக் குப்பைக்கான கறுப்புப் பெட்டியும் மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியும் வாரம் விட்டு வாரம். எங்கள் சமையலுக்கு முக்கியமானது பச்சைதான். மீன் தலை, செதில், இறால் கோது, எலும்பு, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் அதற்குள். குழந்தைகளின் பம்பர்ஸும் அதில்தான், பலருக்கு இது தெரியாது. பிளாஸ்ரிக் பையில் கட்டிப் போட்டாலும் சரி, பையை நகராட்சியின் நிலையத்தில் பிரித்தெடுத்து, மிச்சத்தைப் புளிக்கவைத்து எரிவாயுவும் பசளையும் எடுக்கிறார்கள். கோடைகாலத்தில் மீன் கழிவைக் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, எடுக்கும் நாளுக்கு முதல் இரவு போடுங்கள். இல்லையென்றால் அந்த நாற்றத்துக்கு ரக்கூன்கள் (இரவில் குப்பையைக் கிளறும் விலங்குகள்) வரும். பூட்டோடு புதுப் பெட்டி கொடுத்ததே அவற்றுக்காகத்தான், அதையும் சில கெட்டிக்கார ரக்கூன்கள் திறந்துவிடுகின்றன.

பெட்டிகளை முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு, அல்லது அன்று காலை ஏழுக்கு முன் வெளியே வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் லொறியின் கை பிடிக்காது. 2026 தொடக்கத்திலிருந்து நீலப் பெட்டி நகராட்சியின் கையில் இல்லை, சேர்குலர் மற்றீரியல்ஸ் என்ற அமைப்பு பார்க்கிறது. முன்பு சேராத கோப்பிக் கோப்பையும் கறுப்புப் பிளாஸ்ரிக்கும் இப்போது அதில் சேரும். எடுக்காமல் விட்டால் அவர்களிடம்தான் முறையிடவேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் நகராட்சியின் தொலைபேசி எண் 311, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றவேண்டாம். குழாய்க்குள் இறுகி அடைத்தால் கழிவுநீர் முதலில் மேலெழுவது பேஸ்மென்றில் இருப்பவரின் குளியலறையில்தான். கொஞ்சமென்றால் கடதாசித் துண்டால் துடைத்துப் பச்சைப் பெட்டியில் போடுங்கள்.

பழைய சோபா, கட்டில் போன்றவற்றைக் கறுப்புப் பெட்டி எடுக்கும் நாளில் வீதியோரம் வைத்தால் எடுத்துப்போவார்கள். அப்படி யாரோ வைத்த மேசையைப் புதிதாக வந்தவர்கள் தூக்கி வருவது வழக்கம்தான், அதில் வெட்கமில்லை. மெத்தையை மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி ஒருதரம் வீட்டுக்குள் வந்தால், புது மெத்தையின் விலையைவிட மருந்தடிக்கும் செலவு கூடிவிடும்.